டைரக்டரியும் குரூப்வேரும்: பயனர் கணக்குகளை ஒத்திசைக்கும் முழுமையான வழிகாட்டி

டைரக்டரியில் (நிறுவனத்தின் பயனர் கணக்குகள் இருக்கும் மையப் பதிவேடு) ஒருவரைச் சேர்த்ததும் குரூப்வேரில் (அஞ்சலும் நாட்காட்டியும் ஓடும் மென்பொருள்) அவருக்கு அஞ்சல் பெட்டியும் நாட்காட்டியும் தானாக வந்து நிற்க வேண்டும். இதைச் செய்து காட்ட ஒரு பிற்பகல் போதும். அதனாலேயே பலர் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து ஒருவர் பெயரை மாற்றிக்கொள்வார், இன்னொருவர் வேலையை விட்டுப் போவார். ஒத்திசைவு உருப்படியாக அமைந்ததா என்பது அந்த இரண்டு நாட்களில்தான் தெரியும். கீழே உள்ள வரிசையை அந்த நாட்களை மனதில் வைத்தே போட்டிருக்கிறேன்.

ஆக்டிவ் டைரக்டரி, ஓப்பன்எல்டாப் என்ற இரண்டு டைரக்டரி மென்பொருள்களுக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறேன். புலம் என்பது கணக்கில் உள்ள பெயர், மெயில் போன்ற ஒவ்வொரு தகவலுக்குமான இடம். புலப் பெயர்களுக்கு நடுவே படிக்க வசதியாகக் கோடு போட்டிருக்கிறேன். சிஸ்டத்தில் அவை ஒட்டியே இருக்கும்.

1. தொடங்கும் முன்

குரூப்வேர் சர்வரின் பேக்கப் வேண்டும். எடுத்து வைத்திருந்தால் மட்டும் போதாது, வேறொரு மெஷினில் ஒருமுறை மீட்டும் பார்த்திருக்க வேண்டும். அப்படி மீட்ட மெஷினையே சோதனைச் சர்வராக வைத்துக்கொண்டால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆனால் அதிலிருந்து வெளியே மெயில் போகாதபடி முதலில் அடைத்துவிடுங்கள். புதுக் கணக்கு உருவானதும் வரவேற்பு மெயில் அனுப்பும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், சோதனைச் சர்வர் நிஜ ஆட்களுக்கு வரிசையாக அனுப்பத் தொடங்கிவிடும்.

அடுத்து, டைரக்டரியைச் சாராத ஒரு நிர்வாகி கணக்கு குரூப்வேருக்குள்ளேயே இருக்கட்டும். டைரக்டரி படுத்துவிட்டால் உள்ளே நுழைய அது ஒன்றுதான் வழி.

இரு பக்கக் கணக்குப் பட்டியல்களையும் விரிதாளாக எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு, மெயில் புலமே காலியாக உள்ளவர்கள், எப்போதோ போய்விட்டவர்கள் என்று பாதிப் பிரச்சினை கண்ணாலேயே பிடிபடும். இந்தக் குப்பையை இப்போதே டைரக்டரியில் கூட்டித் தள்ளுங்கள். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் அது முகவரிப் புத்தகத்தில் ஏறி எல்லோர் கண்ணிலும் படும்.

தொழில்நுட்பம் சாராத ஒரு வேலையும் உண்டு. விலகியவரின் மெயிலை எத்தனை நாள் வைத்திருப்பது, அதை யார் பார்க்கலாம் என்பதை மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 11-ஆம் படியில் அது இல்லாமல் ஓர் அடிகூட நகர முடியாது.

2. எந்தப் புலத்துக்கு யார் சொந்தக்காரர்

பெயர், லாகின், மெயில் முகவரி, துறை, கணக்கு உயிரோடு இருக்கிறதா என்பதெல்லாம் டைரக்டரியின் சொத்து. கையொப்பம், விடுப்புப் பதில், நாட்காட்டிப் பகிர்வு ஆகியவை குரூப்வேரின் சொத்து. ஒரு தாளில் இப்படிப் பிரித்து எழுதிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் இங்கே இருவழி ஒத்திசைவுக்கு ஆசைப்படுவார்கள். "தொலைபேசி எண்ணை மட்டும் பயனரே குரூப்வேரில் மாற்றட்டும், அது டைரக்டரிக்குத் திரும்பிப் போகட்டும்" என்பார்கள். வேண்டாம். ஒரு புலத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள் இருந்தால், இரண்டு பக்கமும் ஒரே நாளில் மாறும்போது எது ஜெயிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. டைரக்டரிக்குச் சொந்தமான புலங்களைக் குரூப்வேர் திரையில் திருத்த முடியாதபடி பூட்டுங்கள். பூட்டாவிட்டால் பயனர் பகலில் மாற்றியதை ஒத்திசைவு இரவில் அழிக்கும், காலையில் உங்களுக்குப் போன் வரும்.

3. இணைப்புச் சாவி

இந்தக் கணக்கும் அந்தக் கணக்கும் ஒரே ஆளுடையவை என்று எதை வைத்துச் சொல்வது? இந்தக் கேள்விக்கான பதிலை எல்லாப் படிகளும் நம்பி நிற்கின்றன.

நான் முதன்முதலில் அமைத்தபோது லாகின் பெயரையே சாவியாக வைத்தேன். ஒருவர் பெயரை மாற்றிக்கொண்டார், டைரக்டரியில் லாகினும் மாறியது. இரவு ஓடிய ஒத்திசைவின் பார்வையில் பழைய ஆள் போய்விட்டார், புது ஆள் ஒருவர் வந்துவிட்டார். காலையில் போன்: "சார், என் மெயில் எல்லாம் காலியா இருக்கு." பெட்டி தொலையவில்லை, சொந்தக்காரர் இல்லாமல் சர்வரில் கிடந்தது. அதைத் தேடி ஒட்டுவதற்குள் புதுப் பெட்டியிலும் மெயில் வந்து சேர்ந்துவிட்டது. இரண்டையும் கலந்தேன். அப்புறம் பார்த்தால், பகிர்ந்த நாட்காட்டி அனுமதிகள் பழைய கணக்கின் பெயரிலேயே இருந்தன. ஒவ்வொன்றாகக் கையால் போட்டேன்.

மெயில் முகவரியும் சாவிக்கு உதவாது, அதுவும் பெயரோடு மாறும். முழு டிஎன் பாதையும் (டைரக்டரிக்குள் ஒரு கணக்கின் முழு முகவரி) உதவாது. ஒருவரை வேறு ஓயூவுக்கு (டைரக்டரியின் உட்பிரிவு) நகர்த்தினாலே அது மாறிவிடும். ஆக்டிவ் டைரக்டரியில் ஆப்ஜெக்ட்-ஜியூஐடி, ஓப்பன்எல்டாப்பில் என்ட்ரி-யூயூஐடி, இவற்றையே சாவியாக வையுங்கள். பெயர் மாறினாலும் இடம் மாறினாலும் இவை மாறுவதில்லை.

இரண்டிலும் ஒரு வம்பு உண்டு. ஆப்ஜெக்ட்-ஜியூஐடி என்பது 16 பைட் கொண்ட பைனரி மதிப்பு. அதை எழுத்தாகக் காட்டும்போது முதல் மூன்று பகுதிகளின் பைட் வரிசை திருப்பி எழுதப்படும். ஒரு கருவி திருப்பிக் காட்டும், இன்னொன்று உள்ளபடியே காட்டும். ஒரே கணக்குக்கு இரண்டு சாவி இருப்பது போலத் தோன்றும். எந்த வடிவில் சேமிப்பது என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டு அதை மாற்றாதீர்கள்.

என்ட்ரி-யூயூஐடி சாதாரணத் தேடலில் வராது, பெயர் சொல்லிக் கேட்டால்தான் வரும். இல்லை என்று நினைத்துக்கொண்டு லாகின் பெயருக்குத் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: ஓப்பன்எல்டாப் சர்வரை வேறு மெஷினுக்கு மாற்றும்போது, தேடல் மூலம் எடுத்த பட்டியலைப் புதிதாகச் சேர்க்கும் கட்டளையால் ஏற்றினால் எல்லோருக்கும் புது எண் பிறக்கும். ஓப்பன்எல்டாப்பின் சொந்தக் கருவிகளான ஸ்லாப்கேட் கொண்டு எடுத்து ஸ்லாப்ஆட் கொண்டு ஏற்றினால் பழைய எண்கள் அப்படியே வரும்.

4. சர்வீஸ் கணக்கும் இணைப்பும்

ஒத்திசைவுக்கென்று தனிக் கணக்கு, படிக்கும் உரிமை மட்டும். ஒருவழி ஒத்திசைவுக்கு எழுதும் உரிமை தேவையே இல்லை. அந்த உரிமை இல்லாவிட்டால் ஒத்திசைவை ஓட்டும் உங்கள் ஸ்கிரிப்டில் பிழை இருந்தாலும் டைரக்டரி தப்பிக்கும். அதன் பாஸ்வேர்ட் எப்போது காலாவதியாகும் என்று பார்த்து நாட்காட்டியில் போட்டு வையுங்கள்.

இணைப்பு 636 போர்ட்டில் டிஎல்எஸ் (குறியாக்கிய இணைப்பு) வழியாக, அல்லது 389-இல் ஸ்டார்ட்-டிஎல்எஸ் வழியாக. சான்றிதழ் பிழை வந்தால் சரிபார்ப்பையே அணைத்துவிடச் சொல்லும் ஆலோசனைகள் நிறையக் கிடைக்கும். செய்யாதீர்கள். எல்லோருடைய பாஸ்வேர்டும் இந்தக் குழாய் வழியாகத்தான் போகப்போகிறது. பெரும்பாலும் பிழைக்குக் காரணம் ஒன்றுதான்: சான்றிதழில் சர்வரின் பெயர் இருக்கும், அமைப்பிலோ நீங்கள் ஐபி எண்ணைக் கொடுத்திருப்பீர்கள்.

5. யார் யார் வர வேண்டும்: வடிகட்டியும் வரம்பும்

முழு டைரக்டரியையும் கேட்காதீர்கள். பிரிண்டர் கணக்கு, பேக்கப் கணக்கு என்று ஆளில்லாத கணக்குகளும் சேர்ந்து வரும். "குரூப்வேர் பயனர்கள்" என்று ஒரு குழு வைத்து, அதில் இருப்பவர்கள் மட்டும் வரும்படி வடிகட்டி எழுதுவது என் வழக்கம். ஓயூ வைத்துப் பிரித்தால், ஒருவரைத் தற்செயலாக வேறு ஓயூவுக்கு இழுத்து விடும்போது அவர் பெட்டியும் போய்விடும்.

முடக்கிய கணக்குகளை இந்த வடிகட்டியில் ஒதுக்கிவிடாதீர்கள். அவர்களும் வரட்டும், முடக்கிய நிலையோடு. ஒதுக்கினால் முடக்கப்பட்டவருக்கும் அழிக்கப்பட்டவருக்கும் குரூப்வேரில் வித்தியாசம் தெரியாது.

இனி வரம்பு. இதில் கை சுட்டுக்கொண்டவன் நான். ஓர் அலுவலகத்தில் 640 கணக்குகள், ஓப்பன்எல்டாப். நிர்வாகி லாகினில் தேடிப் பார்த்தேன், 640-ம் வந்தன. சர்வீஸ் கணக்குக்கு மாறி ஒத்திசைவை ஓட்டினேன். "நீக்க: 140" என்றது. நல்லவேளை, அது எதையும் மாற்றாத ஒத்திகை ஓட்டம் (8-ஆம் படியில் வரும்).

காரணம் எளியது. ஓப்பன்எல்டாப் ஒரு தேடலுக்கு இயல்பாக 500 பதிவுகளுக்கு மேல் தராது. ரூட்-டிஎன் என்ற தலைமை நிர்வாகி கணக்குக்கு மட்டும் அந்த வரம்பு கிடையாது. நான் சோதித்தது அந்தக் கணக்கில். 500 வந்ததும் சர்வர் பிழை எண் 4 அனுப்பித்தான் நிறுத்தியது. ஸ்கிரிப்ட் அதைப் பார்க்கவே இல்லை. கிடைத்த 500 பேர்தான் உலகம் என்று எடுத்துக்கொண்டது.

ஆக்டிவ் டைரக்டரியில் இதே வரம்பு 1000. அங்கே பக்கம் பக்கமாகக் கேட்டால் முழுவதும் கிடைக்கும். ஓப்பன்எல்டாப்பில் பக்கமாகக் கேட்டாலும் மொத்த வரம்பு தளராது. சர்வீஸ் கணக்குக்கென்று வரம்பை உயர்த்தி அமைக்க வேண்டும். எதுவாக இருந்தாலும், தேடல் பிழையோடு முடிந்தால் அந்த ஓட்டம் அங்கேயே நிற்க வேண்டும். இதை ஸ்கிரிப்டின் முதல் விதியாக எழுதுங்கள். சோதனைகள் எல்லாவற்றையும் சர்வீஸ் கணக்கிலேயே செய்யுங்கள்.

6. புலங்களைப் பொருத்துதல்

முதல் நாள் குறைவான புலங்களே போதும்: சாவி, லாகின், காட்சிப் பெயர், மெயில், நிலை. துறையும் தொலைபேசியும் ஒரு வாரம் கழித்துச் சேரட்டும். பிழை வந்தால் தேட வேண்டிய இடம் குறையும்.

லாகினுக்கு எந்தப் புலம் என்பதைக் கவனித்து எடுங்கள். ஆக்டிவ் டைரக்டரியின் சாம்-அக்கவுண்ட்-நேம் பயனர்களுக்கு 20 எழுத்துக்கு மேல் போகாது, நீளமான பெயர்கள் வெட்டுப்பட்டிருக்கும். மேலும் டைரக்டரி லாகினில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது, குரூப்வேர் பார்க்கக்கூடும். எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கி, முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை வெட்டிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

மெயில் புலத்தில் ஒரே முகவரி இருவருக்கு இருந்தாலும் ஆக்டிவ் டைரக்டரி தடுக்காது. குரூப்வேர் தடுக்கும், ஓட்டம் நடுவழியில் நிற்கும். இரட்டை முகவரிகளை முன்கூட்டியே தேடுங்கள். கூடுதல் முகவரிகள் ப்ராக்ஸி-அட்ரஸஸ் புலத்தில் இருக்கும். அங்கே ஒவ்வொரு முகவரிக்கும் முன்னால் எஸ்எம்டிபி என்ற முன்னொட்டு இருக்கும். அது பெரிய எழுத்தில் உள்ளது முதன்மை முகவரி, சின்ன எழுத்தில் உள்ளவை மாற்று முகவரிகள். இங்கே எழுத்தின் அளவுக்குப் பொருள் உண்டு, ஆகவே மேலே சொன்ன சின்ன எழுத்தாக்கலை இந்த முன்னொட்டின் மேல் போடாதீர்கள்.

நிலைக்கு ஆக்டிவ் டைரக்டரியில் யூசர்-அக்கவுண்ட்-கன்ட்ரோல், பல நிலைகளைக் கூட்டி வைத்த ஓர் எண். பலர் 514 என்றால் முடக்கம் என்று மனப்பாடம் செய்து அதையே ஒப்பிடுகிறார்கள். பாஸ்வேர்ட் காலாவதியாகாத கணக்கை முடக்கினால் எண் 66050 ஆகும், ஒப்பீடு கோட்டை விட்டுவிடும். பார்க்க வேண்டியது அந்த எண்ணுக்குள் முடக்கத்தைக் குறிக்கும் 2 என்ற பிட் மட்டும். தேடலிலேயே பார்க்க வேண்டுமானால் 1.2.840.113556.1.4.803 என்ற விதி எண் அதற்குத்தான் இருக்கிறது. கணக்கின் கெடு தேதி இந்த எண்ணில் தெரியாது, அது அக்கவுண்ட்-எக்ஸ்பயர்ஸ் என்ற தனிப் புலம். அதில் 0 இருந்தாலும் 9223372036854775807 இருந்தாலும் கெடுவே இல்லை என்று அர்த்தம். 0-வைத் தேதியாக மாற்றினால் 1601-ஆம் ஆண்டில் போய் நிற்பீர்கள், எல்லோரும் காலாவதி.

குடும்பப் பெயர் இல்லாதவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஓப்பன்எல்டாப்பில் பெரும்பாலும் பயன்படும் ஐநெட்-ஆர்க்-பெர்சன் வகையில் குடும்பப் பெயர்ப் புலம் கட்டாயம். அதை நிரப்ப யாரோ ஒரு புள்ளியையோ கோட்டையோ போட்டிருப்பார்கள். முதற்பெயரையும் குடும்பப் பெயரையும் ஒட்டிக் காட்சிப் பெயர் தயாரித்தால் அந்தப் புள்ளியும் கூடவே வரும். காட்சிப் பெயரைத் தனிப் புலத்திலிருந்து எடுங்கள்.

7. ஏற்கெனவே உள்ள கணக்குகளை முடிச்சுப் போடுதல்

குரூப்வேர் புத்தம் புதிதானால் இந்தப் படி வேண்டாம். இல்லையென்றால் ஒரே ஒரு முறை மட்டும் மெயில் முகவரியை வைத்து இரு பக்கத்தையும் பொருத்தி, பொருந்தியவர்களின் டைரக்டரிச் சாவியைக் குரூப்வேர் கணக்கில் எழுதுங்கள். பொருந்தாதவர்களையும் ஒன்றுக்கு மேல் பொருந்துபவர்களையும் கையால்தான் பார்க்க வேண்டும். சலிப்பான வேலை. ஸ்கிரிப்ட் ஊகிக்கட்டும் என்று விட்டால் ஒருவருடைய மெயில் இன்னொருவருக்குத் திறந்துவிடும்.

கூட்ட அறை, பகிர்ந்த அஞ்சல் பெட்டி, சிஸ்டம் கணக்கு ஆகியவை டைரக்டரியில் இருக்காது. அவற்றை "உள்ளூர்" என்று குறித்து வையுங்கள். சாவி இல்லாத கணக்கைத் தொடவே கூடாது என்று ஸ்கிரிப்டிலும் எழுதுங்கள்.

8. ஒத்திகை ஓட்டம்

எதையும் மாற்றாமல், என்ன செய்யப்போகிறது என்று மட்டும் சொல்லும் ஓட்டம். கோபானோ என்ற குரூப்வேரில் பயனர் பாதுகாப்பு முறை என்று இதற்கு ஓர் அமைப்பே இருக்கிறது. பெட்டியை உருவாக்குவதையும் அழிப்பதையும் லாகில் (நடந்ததைக் குறிக்கும் பதிவுக் கோப்பு) எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளும். அப்படி வசதி இல்லாவிட்டால் சோதனைச் சர்வரில் ஓட்டுங்கள்.

வெளியீடு இப்படி வர வேண்டும்: உருவாக்க 3, மாற்ற 27, முடக்க 1, அப்படியே விட 609. ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் உள்ள பெயர்களைப் பாருங்கள். அந்த 3 பேர் யார் என்று உங்களால் சொல்ல முடியவில்லை என்றால் நிஜ ஓட்டத்துக்கு நேரம் வரவில்லை.

சோதனைச் சர்வரில் நிஜமாக ஓட்டிவிட்டு, கையோடு இரண்டாம் முறை ஓட்டுங்கள். இப்போது மாற்ற 0 என்று வர வேண்டும். மறுபடி 27 என்றால் ஏதோ ஒரு புலத்தைக் குரூப்வேர் தன் போக்கில் மாற்றிச் சேமிக்கிறது: நீளத்தை வெட்டுகிறது, தொலைபேசி எண்ணில் இடைவெளியை எடுக்கிறது, இப்படி ஏதாவது. அதைக் கண்டுபிடிக்காமல் விட்டால் தினமும் 27 போலி மாற்றங்கள் லாகை நிரப்பும், அவற்றுக்கு நடுவே நிஜ மாற்றம் கண்ணில் படாது.

அப்புறம் ஒரு சோதனைக் கணக்கை எடுத்து இந்த வரிசையில் அலைக்கழியுங்கள்: பெயர் மாற்று, ஓயூ மாற்று, முடக்கு, திரும்ப இயக்கு, அழி. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒத்திசைவை ஓட்டி, பெட்டிக்குள் போட்டு வைத்த மெயில் அங்கேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

9. பாஸ்வேர்ட்

பாஸ்வேர்டை நகலெடுக்க முயலாதீர்கள். ஆக்டிவ் டைரக்டரி அதைப் படிக்கவே கொடுக்காது. பயனர் லாகின் செய்யும்போது குரூப்வேர் அவருடைய டிஎன்னைத் தேடி, அவர் தட்டிய பாஸ்வேர்டோடு டைரக்டரியிடம் பைண்ட் செய்து (அவர் பெயரில் நுழைந்து பார்த்து) கேட்க வேண்டும். இதைக் கணக்குகள் சரியாக உருவான பிறகே மாற்றுங்கள். முன்பே மாற்றினால் லாகின் ஏன் தோற்றது, கணக்கு இல்லாததாலா, பாஸ்வேர்டாலா என்று குழம்புவீர்கள்.

மாற்றியதும் செய்ய வேண்டிய முதல் சோதனை: சரியான லாகின் பெயர், காலியான பாஸ்வேர்ட். டைரக்டரியோடு பேசும் நெறிமுறையான எல்டாப்பின் விதிப்படி, டிஎன் கொடுத்துப் பாஸ்வேர்டைக் காலியாக விட்டால் அது அடையாளம் காட்டாத பைண்ட். ஆக்டிவ் டைரக்டரி இயல்பாக அதற்கு "வெற்றி" என்று பதில் சொல்லும். அதை நம்பும் குரூப்வேர் கதவைத் திறந்துவிடும். ஓப்பன்எல்டாப் இயல்பாக மறுத்துவிடும். ஆனாலும் காலிப் பாஸ்வேர்டைக் குரூப்வேர் பக்கத்திலேயே தடுப்பது நல்லது.

அடுத்த தலைவலி கைபேசிகள். ஒருவர் கணினியில் பாஸ்வேர்டை மாற்றுவார், பையில் இருக்கும் போன் பழையதையே சில நிமிடங்களுக்கு ஒருமுறை முட்டிக்கொண்டிருக்கும். டைரக்டரி கணக்கைப் பூட்டிவிடக்கூடும், அப்போது அவருக்குக் கணினியும் திறக்காது. லாகில், லாகின் தோற்றதைச் சொல்லும் ஆக்டிவ் டைரக்டரியின் பிழை 49-க்குப் பின்னால் வரும் உட்குறியைப் பாருங்கள். 775 என்றால் பூட்டு, 533 முடக்கம், 532 பாஸ்வேர்ட் காலாவதி, 773 என்றால் பாஸ்வேர்டை மாற்றியே ஆக வேண்டிய நிலை. இந்த நான்கையும் ஒட்டி வைத்தால் உதவி மேசைக்கு வரும் பாதி அழைப்புகள் ஒரு நிமிடத்தில் முடியும்.

10. குழுக்கள்

பயனர்கள் ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு குழுக்களுக்கு வாருங்கள். குழுவில் உறுப்பினர்கள் இருக்க வேண்டுமானால் அவர்களுடைய கணக்கு முதலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் காரணம்.

ஆக்டிவ் டைரக்டரியில் ஒருவருடைய முதன்மைக் குழு உறுப்பினர் பட்டியலில் தெரியாது. "எல்லோரும்" என்ற அஞ்சல் குழுவுக்கு, இயல்பாக எல்லோருக்கும் முதன்மைக் குழுவாக இருக்கும் டொமைன் யூசர்ஸை நம்பினால் அது காலியாக வந்து நிற்கும். பெரிய குழுக்களில் ஒரு கேள்விக்கு 1500 உறுப்பினர்கள்தான் கிடைப்பார்கள், மீதியை அடுத்த துண்டாகக் கேட்க வேண்டும்.

ஓப்பன்எல்டாப்பில் சில குழுக்கள் உறுப்பினரை டிஎன்னாக வைத்திருக்கும், சில வெறும் லாகின் பெயராக. மெம்பர்-ஆஃப் ஓவர்லேயை (ஒருவர் எந்தெந்தக் குழுவில் என்பதை அவர் கணக்கிலேயே காட்டும் கூடுதல் வசதி) நடுவில் இயக்கினால் அதற்கு முன்பே இருந்த உறுப்பினர்களுக்கு அது எதையும் நிரப்பாது; அந்தக் குழுக்களின் உறுப்பினர்களை எடுத்துவிட்டுத் திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கும்.

11. போனவர்கள்

நீக்குதலைக் கடைசியாகத்தான் இயக்க வேண்டும், அதுவும் நேரடியாக நீக்கக் கூடாது. டைரக்டரியில் காணாமல் போனவரைக் குரூப்வேரில் முதலில் முடக்குங்கள், காணாமல் போன தேதியைக் குறித்து வையுங்கள். மனிதவளப் பிரிவு எழுதிக் கொடுத்த நாட்கள் முடிந்த பிறகு நீக்கத் தகுந்தவர்கள் என்று பட்டியல் வரட்டும். பொத்தானை ஒரு மனிதர் அழுத்தட்டும். நெக்ஸ்ட்க்ளவுட் என்ற குரூப்வேரும் கிட்டத்தட்ட இந்த வழியில்தான் போகிறது: எல்டாப்பில் இல்லாமல் போனவர்களை மிச்சங்கள் என்று தனியே காட்டும், அழிப்பதை நிர்வாகியிடம் விட்டுவிடும்.

கூடவே ஒரு தடுப்பு வையுங்கள். ஒரே ஓட்டத்தில் மொத்தக் கணக்குகளில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் முடக்க நேர்ந்தால் எதையும் செய்யாமல் நின்று மெயில் அனுப்ப வேண்டும். டைரக்டரியில் தேடல் தொடங்கும் இடம் தவறாக இருந்தாலும், அந்த 500 வரம்பு மறுபடி வந்தாலும், இந்த ஒரு வரி காப்பாற்றும்.

தவறுதலாக அழித்த கணக்கை டைரக்டரியில் அதே பெயரில் புதிதாக உருவாக்காதீர்கள். பெயர் அதுவாக இருந்தாலும் சாவி புதியது; குரூப்வேருக்கு அவர் வேறு ஆள். ஆக்டிவ் டைரக்டரியின் ரீசைக்கிள் பின்னிலிருந்து மீட்டால் பழைய சாவியோடு வருவார்.

12. தினசரி ஓட்டம்

பகலில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாறியவற்றை மட்டும், இரவில் ஒருமுறை முழுவதும். பகல் ஓட்டம் வேகத்துக்காக. ஆனால் அழிக்கப்பட்டவர்களும் வடிகட்டிக்கு வெளியே போனவர்களும் "மாறியவர்கள்" தேடலில் வரவே மாட்டார்கள். அதனால் முடக்குவதை இரவு ஓட்டத்துக்கு மட்டும் கொடுங்கள்.

ஆக்டிவ் டைரக்டரியில் மாற்றத்தை யூஎஸ்என்-சேஞ்சுடு (ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏறும் எண்) வைத்துப் பின்தொடர்ந்தால் எப்போதும் ஒரே டொமைன் கன்ட்ரோலரிடமே (டைரக்டரி ஓடும் சர்வர்) கேளுங்கள். ஒவ்வொரு கன்ட்ரோலரும் அந்த எண்ணைத் தனியாக எண்ணுகிறது. பொதுப் பெயரைக் கொடுத்து இன்று ஒன்று, நாளை இன்னொன்று என்று பதில் வாங்கினால் சில மாற்றங்கள் சத்தமில்லாமல் நழுவும். கன்ட்ரோலரை மாற்ற வேண்டி வந்தால் ஒரு முழு ஓட்டத்துக்குப் பிறகு புது எண்ணிலிருந்து தொடங்குங்கள்.

முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்காதபடி பூட்டுக் கோப்பு ஒன்று வையுங்கள். எச்சரிக்கையைப் பிழைக்கு மட்டும் போடாமல், பகலில் கடைசியாக வெற்றிகரமாக ஓடி ஒரு மணி நேரம் தாண்டினாலும் வரும்படி போடுங்கள். குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டை ஓட்டும் கிரான் வரியை யாரோ தற்காலிகமாக அணைத்துவிட்டு மறந்து போனால் பிழை எதுவும் வராது. புதிதாகச் சேர்ந்தவர் பெட்டி இல்லாமல் உங்கள் மேசைக்கு வந்து நிற்பதற்கு முன் அந்த எச்சரிக்கை வந்துவிடும்.